கேட்டதும் சொன்னதும்: வாய் திறக்காத வேற்றுக்கிரகவாசிகள்

சென்ற இதழில் ஆத்தூர் வாசகர் ஒருவர் ஸ்பேஸ் ஓபரா எனப்படும் பழைய ஆங்கில விண்வெளிச் சாகசக் கதைகளைப் பற்றிக் கேட்டிருந்தார். அதற்கு எழுதிய பதிலில், அக்கதைகளில் வரும் வேற்றுக்கிரகவாசிகள் பெரும்பாலும் வாய் திறக்காமல் மனத்தாலேயே, அதாவது டெலிபதியால், பேசிக்கொள்வார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கடிதங்கள் இம்முறை பக்கம் முழுவதையும் நிரப்பிவிட்டன. வேறு பொருளில் கேட்டவர்களுக்கு அடுத்த இதழில் எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும்.

எந்தக் கிரகத்தில் இறங்கினாலும் அங்குள்ளவர்கள் டெலிபதியில்தான் பேசுகிறார்கள். புதிய மொழியொன்றை உருவாக்கும் சிரமத்தைத் தவிர்க்க எழுத்தாளர்கள் கண்டுபிடித்த குறுக்குவழிதானே இது?
— கல்லூரி மாணவி, அம்மாபேட்டை

குறுக்குவழி என்பது உண்மைதான். மாத இதழில் தொடராக வரும் கதையில், கதாநாயகன் ஓராண்டு உட்கார்ந்து அயல்மொழியின் வேற்றுமை உருபுகளைக் கற்றுக்கொண்டிருந்தால் வாசகர் அடுத்த இதழை வாங்கமாட்டார். ஆனால் சோம்பலை மட்டும் காரணமாகச் சொன்னால் அந்தக் காலத்து எழுத்தாளர்களுக்கு அநீதி செய்தவர்களாவோம்.

டெலிபதி என்ற சொல்லே 1882ஆம் ஆண்டில்தான் பிறந்தது. லண்டனில் அதே ஆண்டு தொடங்கப்பட்ட மனோசக்தி ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஃப்ரெடெரிக் மையர்ஸ் அதை உருவாக்கினார். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கம்பியில்லாத் தந்தி வந்துவிட்டது. கம்பி இல்லாமலேயே செய்தி கடலைக் கடக்கிறது என்றால், மூளையிலிருந்து மூளைக்கு எண்ணம் ஏன் செல்லக் கூடாது என்று படித்தவர்களே கேட்ட காலம் அது. எச். ஜி. வெல்ஸ் 1898இல் நூலாக வெளியிட்ட செவ்வாய்ப் படையெடுப்புக் கதையில், செவ்வாய்க் கிரகத்தார் ஒலியோ சைகையோ இல்லாமல் எண்ணங்களைப் பரிமாறிக்கொண்டார்கள் என்று கதைசொல்லி உறுதியாக நம்புகிறார். அவர்கள் எழுப்பும் ஊளை போன்ற ஓசை பேச்சு அன்று, இரத்தத்தை உறிஞ்சுவதற்கு முன்னால் மூச்சை வெளியேற்றும் ஓசை மட்டுமே என்றும் அவர் விளக்குகிறார். அந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு இன்றும் உடல் சிலிர்க்கிறது. நமக்குப் பேச்சாகத் தோன்றுவது அவர்களுக்குப் பசி. அவர்களுடைய உண்மையான பேச்சோ நம் காதில் விழவே விழாது.

1912இல் எட்கர் ரைஸ் பர்ரோஸ் எழுதிய செவ்வாய்க் கதையில் டெலிபதி இன்னும் எளிய கருவியாக வருகிறது. பூமியிலிருந்து சென்ற ஜான் கார்ட்டர் அங்குள்ளவர்களின் மனத்தைப் படித்துவிடுகிறார். அவருடைய மனத்தை அவர்களால் படிக்க முடிவதில்லை. செவ்வாய்க்குக் காற்றை உண்டாக்கித் தரும் நிலையத்தின் கதவுகள் குறிப்பிட்ட எண்ண அலைகளுக்கு மட்டுமே திறப்பவை. காவலாளியின் மனத்திலிருந்து அந்த இரகசியத்தை ஜான் கார்ட்டர் எடுத்துக்கொள்வதும், கதையின் முடிவில் அது ஒரு கிரகத்தின் உயிரையே காப்பாற்றுவதும் நன்றாகக் கோக்கப்பட்டவை. ஆயினும் அங்கே டெலிபதி ஒரு திறவுகோல் மட்டுமே. அந்த மக்களின் வாழ்க்கையை அது எவ்வாறு மாற்றியிருக்கும் என்று பர்ரோஸ் நின்று யோசிக்கவில்லை. யோசித்தவர்களைப் பற்றித்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

ஸ்பேஸ் ஓபரா என்ற பெயர் எப்படி வந்தது? அதில் இசை நாடகம் ஏதும் உண்டா?
— வாசகர், ஓமலூர்

இசைக்கும் அதற்கும் தொடர்பில்லை. அமெரிக்க வானொலியில் சோப்பு நிறுவனங்களின் விளம்பர ஆதரவோடு வந்த குடும்பத் தொடர்களுக்கு சோப் ஓபரா என்ற கேலிப்பெயர் இருந்தது. அதைப் பின்பற்றி, அரைத்த மாவையே அரைக்கும் விண்கலக் கதைகளை ஸ்பேஸ் ஓபரா என்று 1941இல் வில்சன் டக்கர் என்ற எழுத்தாளர் இகழ்ந்தார். பின்னர் அந்த வசைப்பெயரே அன்போடு சொல்லும் பெயராகிவிட்டது.

இளமையில் ஈ. ஈ. ஸ்மித்தின் லென்ஸ்மேன் கதைகளை இரவல் வாங்கிப் படித்தேன். அதில் வரும் லென்ஸ் ஒரு மொழிபெயர்ப்புக் கருவி என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருக்கிறேன். சரியா?
— ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர், சூரமங்கலம்

பாதி சரி. மீதிப் பாதிதான் முக்கியமானது, ஐயா.

லென்ஸ் என்பது மணிக்கட்டில் அணியும், பல நிறங்களில் ஒளிரும் ஒரு மணிக்கல். அதை அணிந்த காவலரே லென்ஸ்மேன்; அவர் எந்த இனத்தவரோடும் எண்ணத்தால் பேசலாம். ஆனால் அந்தக் கதைக்குள் லென்ஸ் தோன்றிய காரணம் மொழிச் சிக்கல் அன்று. விண்மீன் மண்டலம் முழுவதும் செல்லுபடியாக வேண்டிய ஒரு காவற்படைக்கு, எவராலும் போலி செய்ய முடியாத அடையாளம் ஒன்று வேண்டியிருந்தது. மனிதன் செய்யும் எந்த முத்திரையையும் இன்னொரு மனிதன் செய்துவிட முடியும். ஆகவே ஆரிசியா என்ற கிரகத்தின் மூத்த அறிவினர் ஒவ்வொருவருடைய உள்ளத்துக்கும் பொருந்துமாறு தனித்தனியே ஒரு லென்ஸை உருவாக்கித் தருகிறார்கள். உரியவரின் உடலில் இருக்கும்போது மட்டுமே அது ஒளிரும். வேறொருவர் எடுத்து அணிந்தால் அவரைக் கொன்றுவிடும். உரியவர் இறந்தால் அதுவும் ஒளி இழந்து அழிந்துவிடும்.

நம் பக்கத்துச் சந்தைகளில் மாட்டுத் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சிறுவயதில் என் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை மிக அருகில் நின்று பார்த்தேன். இருவருடைய முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. துண்டு மட்டும் இலேசாக அசைந்தது. ஒருவர் தலையை ஆட்டினார். மற்றவர் கையை உருவிக்கொள்ளப் பார்த்துப் பின் மீண்டும் கொடுத்தார். சுற்றி நின்ற இருபது பேருக்கும் விலை தெரியாமலேயே பேச்சு முடிந்து மாடு கைமாறியது. மூன்று விரலைப் பிடித்தால் எவ்வளவு என்பதில் அங்கே சந்தேகம் வருவதே இல்லை. அது தொழிலில் ஊறிய இருவருக்கும் பொதுவானது. எதிரில் கை நீட்டுபவர் சொன்ன சொல்லைக் காப்பவர்தானா என்பதுதான் அங்கே கேள்வி. அதனால்தான் தெரியாத ஆளிடம் பழைய தரகர்கள் கை கொடுக்கமாட்டார்கள்.

லென்ஸும் அப்படித்தான். 1937ஆம் ஆண்டு அஸ்டவுண்டிங் என்ற அமெரிக்க அறிவியல் புனைகதை இதழில் தொடங்கிய கேலக்டிக் பெட்ரோல் தொடரில், டிராகன் வடிவம் கொண்ட வெலண்டியாவின் வோர்செல் என்பவரை கதாநாயகன் கிம்பால் கின்னிசன் முதன்முதலில் சந்திக்கும் காட்சியை மறுபடியும் படித்துப் பாருங்கள். பார்க்கவே அஞ்சத்தக்க அந்த உருவம் பகைவனா நண்பனா என்ற கேள்வி, ஒருவர் மனத்தை ஒருவர் திறந்து காட்டிய கணத்தில் தீர்ந்துவிடுகிறது. ஸ்மித் தொழிலால் உணவுத்துறை வேதியியலர். டோநட் மாவுக் கலவை தயாரிக்கும் வேலையில் இருந்தவர். அவருடைய நடையில் ஆரவாரம் அதிகம். பெயரடைகளை அள்ளிக் கொட்டுவார். ஆனாலும் பல்லாயிரம் இனங்கள் சேர்ந்து வாழவேண்டுமானால் முதலில் தீர்க்கவேண்டியது நம்பிக்கைச் சிக்கல், மொழிச் சிக்கல் அதற்குப் பின்னர்தான் என்பதை அவர் தெளிவாகப் பிடித்துவிட்டார். அதற்காகவே அவரை நான் மதிக்கிறேன்.

அக்கதைகளின் வேற்றுக்கிரகவாசிகள் எல்லாரும் முகமூடி அணிந்த அமெரிக்கர்கள்தான் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அவர்களுக்கென்று உண்மையான பண்பாடு எதையும் யாரும் எழுதவில்லையா?
— பள்ளி ஆசிரியர், அயோத்தியாப்பட்டணம்

பெரும்பாலான கதைகளுக்கு அந்தக் குற்றச்சாட்டு பொருந்தும். ஆனால் விதிவிலக்குகள் மிகச் சிறந்தவை. அவற்றுக்கிடையே ஓர் ஒற்றுமையும் உண்டு: அந்த எழுத்தாளர்கள் உடலிலிருந்து தொடங்கினார்கள். இந்த உயிருக்கு எந்தப் புலன் இருக்கிறது, எந்தப் புலன் இல்லை என்று முதலில் கேட்டு, அதிலிருந்து வீடு, ஊர், ஒழுக்கம், அச்சம், வழிபாடு என்று ஒவ்வொன்றாக வளர்த்தெடுத்தார்கள்.

ரைஜெல் நான்கு என்ற கிரகத்தவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பீப்பாய் போன்ற உடல், நான்கு பருத்த கால்கள், கைகளாகப் பயன்படும் உணர்கொம்புகள். கண் இல்லை, காதும் இல்லை. அதற்குப் பதிலாகப் பொருள்களின் உள்ளும் புறமும் நேராக உணரும் ஒரு புலன் உண்டு. இதை எழுதியவுடன் பெரும்பாலான எழுத்தாளர்கள் சண்டைக் காட்சிக்குப் போயிருப்பார்கள். ஸ்மித்தோ 1950இல் வந்த ஃபர்ஸ்ட் லென்ஸ்மேன் நாவலில், பூமியைச் சேர்ந்த வெர்ஜில் சாம்ஸை அந்த ஊர் வாகனம் ஒன்றில் ஏற்றிவிடுகிறார். பார்ப்பதற்குக் கண் வேண்டாத மக்கள் வாகனத்துக்கு ஏன் ஜன்னல் வைக்கப்போகிறார்கள்? காது இல்லாதவர்கள் இயந்திரத்தின் இரைச்சலை ஏன் அடக்கப்போகிறார்கள்? ஆகவே சாம்ஸ் எதையும் பார்க்க முடியாத கூட்டுக்குள், மூளையைப் பிளக்கும் பேரிரைச்சலில் தவிக்கிறார். ஓட்டுநர் கொடியவர் அல்லர். அவருக்கு அங்கே துன்பம் ஒன்று இருப்பதே தெரியாது. கடைசியில் லென்ஸின் வழியாக அவருடைய புலனையே இரவல் வாங்கித்தான் சாம்ஸ் தப்பிக்கிறார்.

இந்தக் காட்சியைப் படித்தபோது எனக்கு எங்கள் தெருக்கோடியில் இருந்த விசைத்தறிக் கூடம் நினைவுக்கு வந்தது. உள்ளே பன்னிரண்டு தறிகள் ஓடும். வாசலில் நின்று கத்தினாலும் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது. உள்ளே வேலை செய்தவர்களோ மணிக்கணக்காகப் பேசிக்கொண்டேயிருப்பார்கள். இரண்டு விரலை விரித்து மூடினால் பாவில் இழை அறுந்திருக்கிறது, கட்டைவிரலைச் சுழற்றினால் ஊடைநூல் தார் தீரப்போகிறது. புருவத்தை உயர்த்தி வாசலைக் காட்டினால் முதலாளி வருகிறார். உதட்டசைவிலேயே கல்யாணச் செய்தியும் கடன் செய்தியும் கூடம் முழுவதும் பரவிவிடும். இரைச்சல் எங்களுக்குத்தான் தடை. அவர்களுக்கு அது காற்றைப் போல எப்போதும் இருப்பது. ரைஜெல் நகரத்தை எழுதியவர் அப்படி ஓர் இடத்தில் ஒரு நாளேனும் நின்றிருப்பார் என்றே எனக்குத் தோன்றியது.

பலேன் ஏழு என்ற உறைபனிக் கிரகத்தைச் சேர்ந்த நாட்ரெக் என்ற லென்ஸ்மேனும் மறக்க முடியாதவர். நாம் கோழைத்தனம் என்று சொல்வதை அவருடைய இனம் உயர்ந்த ஒழுக்கமாகக் கருதுகிறது. ஆபத்தை நேரில் சந்திப்பது அறிவற்ற செயல்; ஒளிந்திருந்து, எண்ணிப் பார்த்து, பகைவரைத் தங்களுக்குள்ளேயே மோதவிடுவதுதான் அழகு. வேலையைக் குறையின்றி முடித்துவிட்டு, அதைச் சரியாகச் செய்யவில்லை என்று அவர் மன்னிப்புக் கேட்பார். மனிதப் பாத்திரங்கள் அவரைக் கண்டு முகம் சுளித்தாலும், கதை அவரைச் சிறுமைப்படுத்துவதில்லை.

ஸ்மித்தைவிட ஆழமாகச் சென்றவர் ஓலாஃப் ஸ்டேபிள்டன். 1930இல் வெளியான லாஸ்ட் அண்ட் ஃபர்ஸ்ட் மென் நூலில் அவர் படைத்த செவ்வாய்க் கிரகத்தார் தனித்தனி உடல் இல்லாதவர்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் கதிர்வீச்சால் இணைந்து மேகம் போலத் திரள்கின்றன. அந்த மேகமே ஒரு மனமாகிவிடுகிறது. இப்படி நிலையான வடிவமே இல்லாதவர்கள் எதை வழிபடுவார்கள்? உறுதியை வழிபடுகிறார்கள், வைரம் அவர்களுக்குப் புனிதம். ஏற்காட்டில் மழைக்காலக் காலையில் சேர்வராயன் கோயில் மேட்டில் மேகம் நம்மைக் கடந்து செல்லும்போது இந்தக் கற்பனை எவ்வளவு பொருத்தமானது என்று பலமுறை நினைத்திருக்கிறேன். தாமே கலைந்துகொண்டிருப்பவர்களுக்குக் கலையாத கல்தான் தெய்வமாக இருக்க முடியும்.

மனத்தோடு மனம் பேசினால் தவறான புரிதலுக்கே இடமில்லை அல்லவா? உலகச் சண்டைகள் எல்லாம் தீர்ந்துவிடுமே!
— காபித் தோட்ட மேற்பார்வையாளர், ஏற்காடு

நல்ல எழுத்தாளர்கள் அப்படி எழுதவில்லை. ஏ. ஈ. வான் வோக்டின் ஸ்பேஸ் பீகிள் கதைகளில் ரீம் என்ற பறவை போன்ற இனம் வருகிறது. அவர்கள் தொலைவிலிருந்தே விண்கலத்துக்கு நட்போடு வணக்கம் அனுப்புகிறார்கள். பகை என்பது அவர்களிடம் துளியும் இல்லை. ஆனால் அந்த வணக்கம் மனித மூளைக்குள் நுழையும்போது மயக்கும் உருவங்களாக மாறி, கலத்திலிருந்தவர்கள் ஒருவரையொருவர் கொல்லப் பாய்கிறார்கள். அனுப்பியது அன்பு, வந்து சேர்ந்தது வெறி. இரண்டு மனங்களும் வேறு வேறு விதமாக அமைந்தவை என்பதைத் தவிர வேறு குற்றம் அங்கே எவரிடமும் இல்லை.

லென்ஸுக்கும் எல்லை உண்டு. முன்பு சொன்ன அதே ஃபர்ஸ்ட் லென்ஸ்மேனில், சாம்ஸ் புளூட்டோவில் குடியேறியிருக்கும் பலேன் இனத்தவர் ஒருவரைச் சந்திக்கிறார். அவர் தம்மை டெக்ஸிட்ரோபோப்பர் என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறார். அது ஒரு பதவியா, தொழிலா, கலையா என்று லென்ஸால் கூடச் சொல்ல முடியவில்லை. எண்ணம் முழுதாக வந்து சேர்கிறது. ஆனால் அதை ஊன்றிவைக்கச் சாம்ஸின் வாழ்க்கையில் இடம் இல்லை. அந்த ஒரு சொல்லுக்காகவே அந்த நாவலை நான் இரண்டாம் முறை படித்தேன். நீங்கள் தோட்டத்தில் காபிச் செடிக்குக் கவாத்து செய்வதை, செடியையே பார்த்திராத ஒருவரின் மனத்துக்குள் அப்படியே இறக்கிவைத்தாலும், ஒருவர் கத்தியால் கிளையை வெட்டுகிறார் என்பதற்கு மேல் அவருக்கு என்ன விளங்கும்? இந்தக் கிளையை விடுவதா வெட்டுவதா என்று உங்கள் கை தயங்கும் அந்தக் கணத்துக்குப் பின்னால் பல ஆண்டுகளின் மழையும் விளைச்சலும் அல்லவா இருக்கின்றன?

டெலிபதி இல்லாமலேயே வேற்றுக்கிரகவாசியோடு பேசிப் பழகும் கதை உண்டா?
— வெள்ளிக் கொலுசு வியாபாரி, செவ்வாய்ப்பேட்டை

உண்டு, இந்தப் பொருளில் ஒரே ஒரு கதையைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்று எவரேனும் சொன்னால் அதைத்தான் கொடுப்பேன். ஸ்டான்லி வெயின்பாம் 1934 ஜூலை மாதம் வொண்டர் ஸ்டோரீஸ் இதழில் எழுதிய எ மார்ஷியன் ஒடிசி. செவ்வாயில் தனியே மாட்டிக்கொண்ட ஜார்விஸ், நீண்ட அலகுடைய ட்வீல் என்ற உயிரைக் காப்பாற்றுகிறார். ட்வீலின் மொழி ஜார்விஸுக்குக் கடைசிவரை பிடிபடுவதில்லை. ஒரு பொருளுக்கு இந்த நிமிடம் ஒரு பெயர், அடுத்த நிமிடம் இன்னொரு பெயர். ட்வீல் மட்டும் ஆறேழு ஆங்கிலச் சொற்களையும் எளிய கணக்கையும் பிடித்துக்கொள்கிறது. வழியில் காணும் பீப்பாய் உயிர்களைக் காட்டி, ‘ஒன்றும் ஒன்றும் இரண்டு, ஆம், இரண்டும் இரண்டும் நான்கு, இல்லை’ என்னும் பொருள்பட ட்வீல் சொல்கிறது. அவற்றுக்குக் கொஞ்சம் அறிவு உண்டு, நம் போன்ற அறிவு இல்லை என்பதா, அல்லது அவற்றின் கணக்கே வேறு என்பதா? ஜார்விஸுக்கு உறுதியாகத் தெரியவில்லை, நமக்கும்தான்.

அதே கதையில் இரையின் மனத்துக்குள் புகுந்து, அது விரும்பும் உருவத்தைக் காட்டி மயக்கி இழுக்கும் மிருகம் ஒன்றும் வருகிறது. ஜார்விஸ் தாம் விரும்பும் பெண்ணைப் பாலைவனத்தில் கண்டு அதை நோக்கி ஓடும்போது, தடுத்துக் காப்பாற்றுவது ட்வீல்தான். மனத்தை முழுவதும் படிக்க வல்லது அவரைத் தின்னப் பார்க்கிறது. ஆறு சொல் மட்டும் தெரிந்தது அவருக்கு நண்பனாகிறது. டெலிபதியைப் பற்றி இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை அந்தக் காலத்தில் வேறு எவரும் எழுதியதாக நான் கருதவில்லை.

லென்ஸ்மேன் கதைகளில் பெண்களுக்கு லென்ஸ் இல்லை என்பது உண்மையா?
— நூலகர், ஆத்தூர்

பெரும்பாலும் உண்மை, அம்மா. சாம்ஸின் மகள் ஜில், தகுதி அனைத்தும் இருந்தும், லென்ஸ் இயல்பிலேயே ஆண்களுக்குரியது என்று திருப்பி அனுப்பப்படுகிறார். உள்ளத்தின் அளவை நேராகப் பார்க்கக்கூடிய ஆரிசியர்களே இப்படிச் சொல்வதாக எழுதியது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. அது ஆரிசியாவின் சட்டம் அன்று, எழுதியவருடைய காலத்தின் சட்டம். பின்னர் கிளாரிஸா என்ற செவிலியர் லென்ஸ் பெறுகிறார். 1947இல் தொடங்கிய கடைசித் தொடரில் அவருடைய நான்கு மகள்களும் லென்ஸின் துணையில்லாமலேயே பெரும்பாலான லென்ஸ்மேன்களை விஞ்சிவிடுகிறார்கள். ஸ்மித் தம் தவற்றைத் திருத்திக்கொண்டார் என்று சொல்லத் துணியமாட்டேன். ஆனால் கதை அவரை அந்த இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அசிமோவின் ஃபவுண்டேஷன் கதைகளில் ஏன் வேற்றுக்கிரகவாசிகளே இல்லை?
— வாசகர், சங்ககிரி

அஸ்டவுண்டிங் ஆசிரியர் ஜான் கேம்பெல், மனிதர் பிற இனங்களைவிட மேம்பட்டவராகவே இருக்கவேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். அவரோடு மோதாமல் இருக்க, மனிதர் மட்டுமே வாழும் விண்மீன் மண்டலத்தை எழுதினேன் என்று அசிமோவே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

டெலிபதி மெய்யாகவே உண்டா?
— வாசகர், மேட்டூர்

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே. பி. ரைன் என்பவர் வட்டம், கூட்டல் குறி, அலைக்கோடு, சதுரம், நட்சத்திரம் என ஐந்து குறிகள் கொண்ட 25 அட்டைகளை வைத்துச் சோதனை செய்து, 1934இல் நூலாக வெளியிட்டார். குருட்டாம்போக்கில் சொன்னாலே சராசரியாக ஐந்து அட்டைகள் சரியாக அமையும். சிலர் அதைவிடக் கூடுதலாகச் சொன்னார்கள் என்பது அவருடைய வாதம். கட்டுப்பாடுகளை இறுக்கி மற்றவர்கள் திரும்பச் செய்தபோது அந்தக் கூடுதல் நிலைக்கவில்லை. கேம்பெல் அதே பல்கலைக்கழகத்தில் படித்தவர். இந்த ஆர்வம் அவரை விடவில்லை. 1950களில் அவருடைய இதழ் மனோசக்திக் கதைகளால் நிரம்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

மனத்தால் பேசும்போது பொய் சொல்ல முடியுமா?
— சட்டக் கல்லூரி மாணவர், சேலம்

எழுத்தாளருக்கு எழுத்தாளர் இது மாறுபடுகிறது. உர்சுலா லெ குவின் 1969இல் எழுதிய தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ் நாவலில் மனப்பேச்சில் பொய் சொல்லவே முடியாது. அதை ஸ்பேஸ் ஓபரா என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த மரபு போட்ட பாதையில் நடந்து, அது போகாத இடத்துக்குப் போன நாவல். பனிப்பாலைவனத்தில் ஒரு கூடாரத்துக்குள், பூமியைச் சேர்ந்த கென்லி ஐ தம் அயல்கிரக நண்பர் எஸ்ட்ராவெனுக்கு மனப்பேச்சைக் கற்றுத் தருகிறார். முதல் சொல் போய்ச் சேர்ந்ததும் எஸ்ட்ராவென் அதிர்ந்துபோகிறார். அது அவருக்குக் கென்லியின் குரலில் கேட்கவில்லை, இறந்துபோன தம் உடன்பிறப்பின் குரலில் கேட்கிறது. உண்மையை மட்டுமே சுமக்கும் அந்தப் பேச்சு, கேட்பவரின் ஆறாத காயத்தின் வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. அதன்பின் அவர்கள் அந்தப் பேச்சை அளவோடுதான் பயன்படுத்துகிறார்கள்.

நேர்மாறான பாத்திரம் வேண்டுமானால் ஜேம்ஸ் வைட்டின் விண்வெளி மருத்துவமனைக் கதைகளில் வரும் ப்ரிலிக்லா. தும்பி போல மெலிந்த உடலுடைய மருத்துவர்; பிறருடைய உணர்ச்சிகள் அவருக்கு அப்படியே உறைக்கும். அருகில் ஒருவர் கோபப்பட்டால் அவருடைய உடலே நடுங்கும். ஆகவே அவர் எல்லாரிடமும் இனிமையாகப் பேசி, தேவைப்பட்டால் பொய்யும் சொல்லி, அவர்கள் மனம் நோகாமல் பார்த்துக்கொள்கிறார். உள்ளத்தை அறியும் ஆற்றலே ஒருவரை இங்கிதமான பொய்யராக்கும் என்பதை வைட் எவ்வளவு கனிவோடு எழுதியிருக்கிறார்!

ஏற்காட்டு மலையில் வேற்றுக்கிரகவாசிகள் இறங்குவதாக ஒரு கதை எழுதிவருகிறேன். அவர்கள் டெலிபதியில் பேசுவது தமிழ் வாசகருக்கு ஒட்டுமா?
— வளரும் எழுத்தாளர், நாகலூர்

ஏன் ஒட்டாது? குறிப்பறிதல் என்ற தலைப்பில் வள்ளுவர் இரண்டு அதிகாரங்கள் வைத்திருக்கிறார். ஒன்று பொருட்பாலில், அரசனின் மனத்தை அமைச்சர் அறிவது. மற்றொன்று காமத்துப்பாலில், காதலர் ஒருவரையொருவர் அறிவது. ‘ஐயப் படாஅது அகத்தது உணர்வானைத் தெய்வத்தோ டொப்பக் கொளல்’ என்பது முதலாவதில் வரும் குறள். வாய்விட்டுச் சொல்லாததை ஐயமின்றி உணர்பவரைத் தெய்வத்துக்கு நிகராகக் கொள் என்கிறது. அவையில் அதே ஆற்றல் தவறினால் தலை போகும். காதலில் தவறினால் ஊடல் வரும். உங்கள் வேற்றுக்கிரகவாசிகள் இந்த இரண்டில் எந்த இடத்தில் நின்று மனத்தைப் படிக்கிறார்கள் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்து, அவர்கள் யாரோடு பேசப்போகிறார்கள் என்று பாருங்கள். நம் சேலத்திலேயே வீட்டில் சௌராஷ்டிரமும், தெருவில் தமிழும், தறிக்கூடத்தில் கைச்சாடையும் பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. வீட்டுக்குள் கன்னடமும் தெலுங்கும் பேசுபவர்களும் இருக்கிறார்கள். மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் தமிழ் ஊர்த் தமிழிலிருந்து தனிச் சாயல் கொண்டது. இத்தனைக்கும் நடுவில் இறங்குபவர்களுக்கு எல்லாருடைய எண்ணமும் ஒரே மொழியில் கேட்குமா, அல்லது அம்மாபேட்டைப் பாட்டியின் எண்ணம் இரண்டு மொழிகளில் மாறி மாறிக் கேட்குமா? இந்த ஒரு கேள்விக்கே ஒரு கதை எழுதலாம். ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று இரவில் சேலத்து விளக்குகளைப் பார்ப்பவருக்கு அவை விளக்குகள். மனத்தைக் கேட்பவருக்கு அங்கே என்ன கேட்கும் என்பதை நீங்கள்தான் எழுதவேண்டும். எழுதி முடித்ததும் அனுப்பிவையுங்கள், படிக்க ஆவலாக இருக்கிறேன்.

லென்ஸ்மேன் வரிசையை எந்த நூலிலிருந்து தொடங்குவது?
— பத்தாம் வகுப்பு மாணவர், ஜலகண்டாபுரம்

அட்டையில் முதல் நூல் என்று போட்டிருக்கும் ட்ரைபிளானட்டரியிலிருந்து தொடங்காதீர்கள், தம்பி. அது 1934இல் தனிக்கதையாக வந்தது. 1948இல் நூலாக்கும்போது லென்ஸ்மேன் கதைக்கு முன்கதையாக மாற்றி எழுதினார்கள். ஆரிசியர்கள் யார், அவர்களுடைய பகைவர்கள் யார் என்று கின்னிசனுக்கே கடைசிவரை முழுதாகத் தெரியாத உண்மையை அது முதல் பக்கங்களிலேயே சொல்லிவிடுகிறது. கேலக்டிக் பெட்ரோலிலிருந்து தொடங்கி, கிரே லென்ஸ்மேன், செகண்ட் ஸ்டேஜ் லென்ஸ்மென், சில்ட்ரன் ஆஃப் தி லென்ஸ் என்ற வரிசையில் படியுங்கள். ரைஜெல் வாகனமும் டெக்ஸிட்ரோபோப்பரும் வரும் ஃபர்ஸ்ட் லென்ஸ்மேனை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். ட்ரைபிளானட்டரியை எல்லாவற்றுக்கும் கடைசியில்.